மழை வந்தா ரோட்டுல நடக்கும் மீன்! - பனையேறிக் கெண்டையின் தரைவழிப் பயணம்

ஐப்பசி மாசம். ராத்திரி எட்டு மணி. சிதம்பரத்துலேருந்து காட்டுமன்னார்கோவில் போற ரோட்டுல பைக்கில் போய்க்கிட்டு இருக்கீங்க. சாயங்காலம் பிடிச்ச மழை இப்பதான் கொஞ்சம் விட்டிருக்கு. ரெண்டு பக்கமும் சம்பா வயல். தவளைச் சத்தம் காதைப் பிளக்குது. ஹெட்லைட் வெளிச்சத்துல ரோட்டுக்கு நடுவே ஏதோ நெளியுது. தவளையா, பாம்புக் குட்டியா?

வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். உள்ளங்கை நீளத்தில் கறுத்த பச்சை நிறத்தில் ஒரு மீன். துள்ளவில்லை, துடிக்கவில்லை. செவுளை விரித்துத் தரையில் ஊன்றுகிறது. வாலால் ஒரு உந்து உந்துகிறது. ஒரு அடி முன்னே போகிறது. கொஞ்சம் நிற்கிறது. மறுபடியும் ஊன்றல், உந்தல். இடது பக்க வயலிலிருந்து வலது பக்க வாய்க்காலுக்கு, தனக்கு ஏதோ அவசர வேலை இருப்பது போல ரோட்டைக் கடக்கிறது!

"சும்மா கதை விடாதீங்க பாஸ்" என்று சென்னை நண்பர்கள் சிரிப்பார்கள். டெல்டாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சர்யம் எதுவும் இல்லை. "அட, பனையேறிதானே!" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த மீன் ஏன் ரோட்டுக்கு வந்தது, தண்ணீர் இல்லாமல் எப்படி உயிரோடு இருக்கிறது, உண்மையிலேயே பனை மரத்தில் ஏறுமா என்று கேட்டால் நம்மில் பலருக்கும் பதில் தெரியாது. வாங்க, தெரிஞ்சுக்கலாம்.

யார் இந்தப் பனையேறி?

பனையேறிக் கெண்டை என்று பெயர் இருந்தாலும் இது கெண்டை இனமே கிடையாது. கெண்டை, ரோகு, கட்லா எல்லாம் ஒரு குடும்பம் என்றால், இது வேறு குடும்பம். மீன் தொட்டிகளில் பார்க்கும் ஃபைட்டர் மீனும் கௌராமியும்தான் இதற்குச் சொந்தக்காரர்கள்.

நம் ஊரில் கிடைக்கும் பனையேறி பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். அதிகபட்சம் 25 சென்டிமீட்டர் வரை வளரும். செதில்கள் கெட்டியாக, ஓடு மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். வால் தொடங்கும் இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. குஞ்சுகளில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது செவுள் மூடியை. அதன் விளிம்பு முழுக்க ரம்பப் பல் போலக் கூர்கூராக இருக்கும். வலையிலிருந்து எடுக்கும்போது விரலைப் பதம் பார்ப்பது இந்தப் பல்தான். முதுகிலும் அடிவயிற்றுப் பக்கமும் உள்ள முள் துடுப்புகள் தனி.

சாப்பாட்டு விஷயத்தில் வஞ்சனை இல்லாத மீன். பூச்சி, புழு, சின்ன இறால், நத்தை, பாசி, வயலில் உதிர்ந்த நெல் என எது கிடைத்தாலும் சாப்பிடும். வயல், குட்டை, கிணறு, ஏரி, ரோட்டோரப் பள்ளம் எல்லாமே இதற்கு வீடுதான். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் இதே மீனுக்குக் 'கோய்' என்று பெயர். அங்கே இதற்கு ராஜ மரியாதை. நோயிலிருந்து தேறி வருபவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் மீன்களில் இதுவும் ஒன்று.

1791, தரங்கம்பாடி

பனையேறி உலகப் புகழ் பெற்றதே நம்ம பக்கத்திலிருந்துதான் என்பது தெரியுமா?

சிதம்பரத்திலிருந்து சீர்காழி வழியாகத் தெற்கே போனால் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845-ல் ஆங்கிலேயர்களுக்கு விற்கும் வரை அவர்கள் கையில்தான் இருந்தது. அங்கே பணியில் இருந்த டால்டார்ஃப் என்ற லெப்டினன்ட்டுக்கு இயற்கை ஆராய்ச்சியில் ஆர்வம் அதிகம்.

1791 நவம்பரில், ஒரு நீர்நிலை ஓரம் நின்ற பனை மரத்தில் அவர் ஒரு மீனைப் பார்க்கிறார். தண்ணீர் மட்டத்திலிருந்து ஐந்து அடி உயரத்தில், மரப்பட்டையின் ஈரமான இடுக்கில் இருக்கிறது. செவுள் முள்ளை விரித்து மரத்தில் மாட்டிக்கொண்டு, வாலை வளைத்து, அடித்துடுப்பின் முள்ளைப் பட்டையில் ஊன்றி, மேலும் மேலே ஏற முயன்றுகொண்டிருந்தது என்று அவர் எழுதினார். இந்தக் குறிப்பு லண்டன் லின்னேயன் சங்கத்துக்குப் போய், 1797-ல் அச்சில் வந்தது. ஐரோப்பாவே வாயைப் பிளந்தது. மரம் ஏறும் மீனாமே!

அதற்குள் 1792-லேயே மார்கஸ் ப்ளாக் என்ற ஜெர்மானிய மீனியல் அறிஞர் இந்த மீனுக்கு 'டெஸ்டுடினியஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். 'ஆமையைப் போன்றது' என்று அர்த்தம். தரங்கம்பாடியிலிருந்து ப்ளாக்குக்கு மீன்களைச் சேகரித்து அனுப்பியவர்களில் ஒருவர் ஜான் என்ற மிஷனரி. நாம் சாப்பிடும் கத்தாழை மீன்களின் ஒரு பேரினத்துக்கு 'ஜானியஸ்' என்ற பெயர் வந்ததே அவர் நினைவாகத்தான். பிறகு பிரெஞ்சு விஞ்ஞானி குவியே, பனையேறியின் பேரினத்துக்கு 'அனபாஸ்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'மேலே ஏறுதல்' என்று பொருள். ஆக, நம்ம ஊர்க்காரர்கள் காலங்காலமாகக் கூப்பிட்ட 'பனையேறி'தான் கிரேக்க வேஷம் போட்டு அறிவியல் பெயராக உட்கார்ந்திருக்கிறது.

நிஜமாவே பனை ஏறுமா?

இந்தக் கேள்விக்கு டால்டார்ஃபுக்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக விவாதம் நடந்தது. பலரும் தேடினார்கள். மரத்தின் மேல் பனையேறி கிடைத்தது உண்மை. ஆனால் அது தானாக ஏறிப் போனதைப் பார்த்தவர்கள் அரிது.

1920-களில் பி.கே.தாஸ் என்ற இந்திய விலங்கியல் அறிஞர் காற்றைச் சுவாசிக்கும் மீன்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார். அவர் சொன்ன விளக்கம் ரொம்ப எளிமையானது. தரையில் நகர்ந்துகொண்டிருக்கும் பனையேறியைக் காகமும் பருந்தும் கொத்திக்கொண்டு போகின்றன. மட்டை இடுக்கிலோ கிளையிலோ வைத்துத் தின்னப் பார்க்கின்றன. மீன் கெட்டி, முள் வேறு. சில நேரம் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகின்றன. மற்ற மீனாக இருந்தால் சில நிமிடங்களில் செத்திருக்கும். இது சாகாமல் மரத்து மேலேயே நெளிந்துகொண்டிருக்கும். கீழிருந்து பார்ப்பவர் என்ன நினைப்பார்? "மீன் மரம் ஏறிடுச்சு!"

சாய்வான கரை, வரப்பு, மதகுக் கல், ஈரமான அடிமரம் போன்றவற்றில் பனையேறி தொற்றி ஏறும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் நெட்டுக்குத்தான பனையின் உச்சி வரை ஏறிக் கள் குடித்துவிட்டு வரும் என்பதெல்லாம் நம்ம ஊர் குசும்பு.

தண்ணியில மூழ்கிச் சாகும் மீன்

சரி, தண்ணீரை விட்டு வெளியே வந்தும் எப்படிச் சாகாமல் இருக்கிறது?

வழக்கமான மீன்கள் செவுளால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கின்றன. பனையேறிக்கும் செவுள் உண்டு. அதற்கு மேலே, தலைக்குள் ரெண்டு பக்கமும் ஒரு சின்ன அறை இருக்கிறது. அந்த அறைக்குள் பூ இதழ்களை மடித்து வைத்தது போல மெல்லிய எலும்புத் தகடுகள். அவற்றின் மேல் ரத்த நாளங்கள் நிறைந்த தோல் போர்த்தியிருக்கும். சிக்கலான மடிப்புகளாக இருப்பதால் 'லேபிரிந்த்' உறுப்பு என்கிறார்கள். மீன் மேலே வந்து வாயால் ஒரு மடக்குக் காற்றை எடுத்து இந்த அறைக்குள் அனுப்பும். அங்கிருந்து ஆக்ஸிஜன் நேராக ரத்தத்தில் கலக்கும். நம்ம நுரையீரல் செய்யும் வேலையைத்தான் இது தலையிலேயே செய்துகொள்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பனையேறிக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வந்து காற்று எடுக்க முடியாதபடி தண்ணீருக்குள் வலை போட்டு அடைத்து வைத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆமாம், தண்ணியில மூழ்கிச் சாகும் மீன்!

ஏன் இப்படி ஒரு அமைப்பு? ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெயிலில் சூடான ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்திருப்பது 5 அல்லது 6 மில்லிலிட்டர்தான். அதுவும் சுத்தமான தண்ணீரில். அழுகிய வைக்கோலும் பாசியும் நிறைந்த வயல் தண்ணீரில், ராத்திரி நேரத்தில், இதைவிடவும் ரொம்பக் குறைந்துவிடும். பகலில் ஆக்ஸிஜன் கொடுக்கும் பாசியும் செடியும் ராத்திரியில் அதை எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிடுமே. தண்ணீரில் பஞ்சம், ஒரு விரல் உயரத்தில் தலைக்கு மேலே கொட்டிக் கிடக்கிறது காற்று. பனையேறி அதை எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது.

தரைக்கு வரும்போது உடம்பில் ஈரம் இருக்க வேண்டும். அது மட்டும் இருந்தால் பல மணி நேரம் தாங்கும். ஈரத் துணியிலோ புல்லிலோ பொத்தி வைத்தால் இன்னும் அதிக நேரம் தாங்கும். மீன்காரம்மா அலுமினியக் குண்டானில் கையளவு தண்ணீர் விட்டு, பனையேறியையும் விராலையும் உயிரோடு வைத்து விற்பது இதனால்தான்.

கால் இல்லாமல் நடப்பது எப்படி?

ரம்பப் பல் போன்ற செவுள் மூடியைப் பார்த்தோமே, அதுதான் பனையேறியின் கால்.

செவுள் மூடியை அகல விரிக்கும். முள் தரையிலோ புல்லிலோ மாட்டிக்கொள்ளும். உடம்பைக் கொஞ்சம் சாய்த்து, வாலைத் தரையில் அழுத்தித் தள்ளும். உடம்பு முன்னே போனதும் அடுத்த ஊன்றல். இப்படி அசைந்து அசைந்து, கொஞ்சம் தள்ளாடினாற்போல் நகரும். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் திணறும். புல்லும் மண்ணும் இருந்தால் சுலபமாகப் போகும். நடக்க வேண்டுமானால் பிடிமானம் வேண்டும், ஈரமும் வேண்டும். இந்த ரெண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் இதற்கு வேலை இருக்கிறது.

எங்கே போகிறது? எதுக்குப் போகிறது?

சுற்றிப் பார்க்கக் கிளம்புவதில்லை. பனையேறியின் ஒரு வருஷத்தைப் பார்த்தால் காரணம் புரியும். அது நம்ம விவசாயக் காலண்டரைப் போலவே இருக்கும்.

சித்திரை, வைகாசி வெயிலில் கடலூர் மாவட்டத்தின் குட்டைகள் சுருங்கும். 14 கிலோமீட்டர் நீளம் கொண்ட, 1.465 டி.எம்.சி தண்ணீர் பிடிக்கும் வீராணம் ஏரியே பல கோடைகளில் தரை தெரிய வற்றியிருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் மற்ற மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கும். பனையேறி சேற்றுத் தண்ணீரில் காற்றைக் குடித்துக்கொண்டு தாக்குப் பிடிக்கும். அதுவும் முடியாதபோது ஈரமான இரவு ஒன்றில் அடுத்த நீர்நிலையைத் தேடிக் கிளம்பும்.

மேட்டூர் திறந்து காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் வந்தால், கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கும், வடக்கு ராஜன் வாய்க்கால் வழியாகச் சிதம்பரம் பக்கத்து வயல்களுக்கும் போகும். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கடலூர் மாவட்டத்தின் வருஷ மழையில் பெரும்பகுதி இந்தச் சில வாரங்களில்தான் கொட்டித் தீர்க்கும். வயல், வாய்க்கால், குளம், ரோட்டோரப் பள்ளம் எல்லாம் ஒன்றாகிவிடும்.

பனையேறிக்கு இதுதான் கல்யாண சீசன். முதல் கனமழையில் புதுத் தண்ணீர் பாய்ந்ததும், குளத்திலிருந்து வாய்க்கால் ஏறி, வாய்க்காலிலிருந்து மடை ஏறி, ஆழம் குறைவான வயலுக்குப் போகும். தண்ணீர் வரும் திசையை எதிர்த்துப் போவது அதன் குணம். நடுவில் வரப்போ ரோடோ குறுக்கிட்டால் இறங்கி நடக்கும். நீங்கள் ஹெட்லைட்டில் பார்த்தது இந்தப் பயணத்தைத்தான்.

வயலில் முட்டையிடும். ஒரு பெண் மீன் ஆயிரக்கணக்கில் இடும். முட்டைக்குள் எண்ணெய்த் துளி இருப்பதால் தண்ணீர் மேலேயே மிதக்கும். கிட்டத்தட்ட ஒரே நாளில் பொரிந்துவிடும். அப்பா, அம்மா காவல் எல்லாம் கிடையாது. ஆழம் குறைந்த வயலில் பெரிய மீன்களின் தொல்லை கம்மி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் உணவு தாராளம். குஞ்சுகளுக்கு அதுதான் பிரசவ வார்டும் பால்வாடியும். தை மாசம் வயலில் தண்ணீர் வடியும்போது வளர்ந்த குஞ்சுகள் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் திரும்ப வேண்டும்.

கோடைக்கு ஆழமான குளம், மழைக்கு ஆழமில்லாத வயல், ரெண்டுக்கும் நடுவே போய்வர வழி. இந்த மூன்றும் இருந்தால்தான் பனையேறிக்கு ஒரு வருஷம் முழுசாகும்.

பக்கத்து ஊர்ச் சொந்தக்காரன்

கடலூரிலிருந்து பஸ்ஸில் புதுச்சேரி போகும்போது அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டுவீர்கள் இல்லையா? அந்த ஆற்றின் பெயரைத் தாங்கிய ஒரு குட்டி மீன் உண்டு. பெரும்பாலும் ஒரு விரல் நீளம்கூட இருக்காது. பிரெஞ்சுக்காரர்கள் 'அரியான்-கூபாங்' ஆறு என்று எழுதியதிலிருந்து 1831-ல் அதற்குக் 'குபானஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

இதுவும் லேபிரிந்த் உறுப்பு உள்ள மீன்தான். ஆனால் குணம் நேர் எதிர். ஆண் மீன் வாயால் காற்றுக் குமிழிகளை ஊதி, இலைக்கு அடியில் நுரைக் கூடு கட்டும். முட்டைகளை அதில் வைத்துக் குஞ்சு வரும் வரை பக்கத்திலேயே காவல் இருக்கும். பனையேறி ஆயிரக்கணக்கில் இட்டுவிட்டு விதிப்படி ஆகட்டும் என்று போகிறது. இது கொஞ்சமாக இட்டுக் கண்ணில் வைத்துக் காக்கிறது. ரெண்டுமே நம்ம ஊர் வயல்களும் வாய்க்கால்களும் வளர்த்த பிள்ளைகள்தான்.

சட்டிக்கு வரும்போது ஜாக்கிரதை!

பனையேறி ருசியான மீன். மண் சட்டியில் புளி கரைத்து, பூண்டு தட்டிப் போட்டு வைக்கும் குழம்புக்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு. செதில் கெட்டி என்பதால் சாம்பலோ கல் உப்போ போட்டுச் சொரசொரப்பான கல்லில் நன்றாக உரசித்தான் சுத்தம் செய்ய வேண்டும். முள் குத்தாமலிருக்க, தலைப் பக்கத்தைத் துணியால் பிடித்துக்கொள்வது நல்லது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லியே ஆக வேண்டும். கையால் மீன் பிடிப்பவர்கள் சிலர், ரெண்டு கையும் வேண்டும் என்பதற்காக, பிடித்த மீனைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். இது எவ்வளவு ஆபத்தான பழக்கம் தெரியுமா? வழுக்கும் மீன் ஒரு துள்ளு துள்ளினால் நேராகத் தொண்டைக்குள் போய்விடும். உள்ளே போனதும் செவுளையும் முள்ளையும் விரித்துக்கொள்ளும். முள் பின்பக்கம் பார்த்து இருப்பதால் உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கஷ்டம். இந்தியாவின் பல பகுதிகளில் பனையேறி தொண்டையில் சிக்கி உயிருக்குப் போராடியவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. இறந்துபோனவர்களும் உண்டு.

அதனால் எந்த மீனையும் வாயில் கவ்வாதீர்கள். பசங்களுக்கும் சொல்லி வையுங்கள். ஒருவேளை அப்படி நடந்துவிட்டால், வாலைப் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் இழுக்காதீர்கள். முள் தொண்டையைக் கிழித்துவிடும். உடனே 108-க்குப் போன் செய்து, அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். ஒரு இடுப்புக் கூடையோ பறியோ இருந்தால் இந்த ஆபத்தே வராது.

அங்கே வில்லன், இங்கே?

இதே முள், உலகின் இன்னொரு மூலையில் வேறு மாதிரி பயத்தைக் கிளப்பியிருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூ கினிக்கும் நடுவே டோரஸ் நீரிணையில் போய்கு, சாய்பாய் என்று ரெண்டு சின்னத் தீவுகள். அங்கே பனையேறி வந்து சேர்ந்துவிட்டது. அந்த ஊர்ப் பறவைகளுக்கும் மீன்களுக்கும் இது பழக்கமில்லாத இரை. விழுங்கப் போனால் செவுளை விரித்துத் தொண்டையை அடைத்துவிடும். அது ஆஸ்திரேலிய நிலப்பகுதிக்குள் வந்துவிடக் கூடாது என்று அந்த நாட்டு விஞ்ஞானிகள் கண்காணிக்கிறார்கள்.

நம்ம ஊர் நிலைமை வேறு. இங்கே பாம்பும் கொக்கும் விராலும் இதனோடு காலங்காலமாக வாழ்ந்து பழகியவை. இங்கே பனையேறி வில்லன் இல்லை. ஆனால் நம்ம ஊரிலேயே அதை வேண்டாத விருந்தாளியாகப் பார்க்கும் ஒரு இடம் இருக்கிறது. அது மீன் வளர்ப்புக் குளம்.

கட்லா, ரோகு குஞ்சு விடுவதற்கு முன்னால் குளத்தில் ஏற்கெனவே இருக்கும் 'களை மீன்'களை அழிக்க வேண்டும் என்பது மீன் வளர்ப்பின் பாலபாடம். அதற்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ என்ற கணக்கில் இலுப்பைப் புண்ணாக்கு போடுவார்கள், அல்லது பிளீச்சிங் பவுடர். பனையேறி, விரால், கெளுத்தி, பொடி மீன்கள் எல்லாம் ஒரே அடியில் காலி. வளர்ப்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அவர் போட்ட முதல் திரும்ப வர வேண்டுமே. ஆனால் ஊரில் உள்ள எல்லாக் குளமும் இப்படி ஆகிவிட்டால், கோடையில் பனையேறி ஒதுங்க எங்கே போகும்?

சாகாத மீனைத் தடுப்பது எது?

பனையேறி அழிந்துகொண்டிருக்கும் அரிய மீன் என்று பயமுறுத்தப் போவதில்லை. இந்தியாவில் ஆரம்பித்து தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பரவிக் கிடக்கும் மீன் இது. வியட்நாமில் பண்ணை வைத்தே வளர்க்கிறார்கள். ஆனால் உலகத்தில் நிறைய இருக்கிறது என்பதும், நம்ம வாய்க்காலில் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

இது ஆக்ஸிஜன் இல்லாத தண்ணீரைத் தாங்கும். வெயிலைத் தாங்கும். சேற்றைத் தாங்கும். தண்ணீரே இல்லாததையும் சில மணி நேரம் தாங்கும். இத்தனையும் தாங்குவது, ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்குப் போவதற்காகத்தான். அந்த வழியை அடைத்துவிட்டால், இத்தனை திறமையும் வீண்.

வழி எப்படி அடைபடுகிறது? மண் வாய்க்காலின் சாய்வான புல் கரையை இடித்துவிட்டு, நெட்டுக்குத்தான சிமென்ட் சுவர் கட்டுகிறோம். கடைமடைக்குத் தண்ணீர் வேகமாகப் போக அது உதவும், உண்மைதான். ஆனால் பிடிமானமும் ஈரமும் வேண்டும் என்று சொன்னேனே, அந்தச் சுவரில் ரெண்டுமே கிடையாது. வாய்க்காலில் இருக்கும் மீன் வயலுக்கு ஏற முடியாது. குட்டையைத் தூர்த்து மனை போட்டால் கோடை வீடு போச்சு. மடை திறந்த முதல் வாரத்திலேயே பூச்சிக்கொல்லி அடித்தால் பிரசவ வார்டு போச்சு. காற்றைக் குடிக்கத் தெரிந்த மீனுக்கும் விஷத்தைக் குடித்து வாழத் தெரியாது.

2020-ல் வந்த காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோவில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை வட்டாரங்களையும் சேர்த்துக்கொண்டது. வயல் வயலாகவே இருக்கட்டும் என்பது அதன் நோக்கம். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் பனையேறிக்கு வயல் மட்டும் போதாது. வயலுக்கும் குளத்துக்கும் நடுவே இருக்கும் மடையும் வரப்பும் வாய்க்கால் கரையும் வேண்டும்.

நாம என்ன செய்யலாம்?

பெரிய போராட்டம் எதுவும் வேண்டாம். சின்னச் சின்ன விஷயங்கள் போதும்.

வயல் வைத்திருப்பவரா? ஒரு மூலையில் கொஞ்சம் ஆழமான பள்ளம் விட்டு வையுங்கள். தண்ணீர் வடியும்போது மீன் குஞ்சுகள் அதில் ஒதுங்கும். மழைக்காலத் தொடக்கத்தில் மருந்து அடிப்பதைத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். அந்த நாளில் குஞ்சுகள் தண்ணீர் மட்டத்தில்தான் இருக்கும்.

கிராம சபையில் வாய்க்கால் வேலை பற்றிப் பேச்சு வந்தால், "நூறு அடிக்கு ஒரு இடத்துலயாவது சாய்வா, மண் கரையா விடுங்க" என்று கேளுங்கள். தவறி விழுந்த ஆட்டுக்குட்டி ஏறி வரவும் அதே சாய்வு உதவும்.

ஊர்ப் பொதுக் குளத்தை மீன் வளர்ப்புக்கு ஏலம் விடுகிறார்களா? பக்கத்தில் ஒரு குட்டையையாவது மருந்து போடாமல் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

மழை நாளில் பிடித்து வந்து வீட்டுத் தொட்டியில் வளர்க்க ஆசையா? மூடி அவசியம், இல்லாவிட்டால் காலையில் சோபாவுக்கு அடியில்தான் தேட வேண்டியிருக்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று இடைவெளியும் அவசியம். அலுத்துப்போனால் வேறு ஊர் ஏரியில் கொண்டு போய் விடாதீர்கள். பிடித்த இடத்திலேயே விடுங்கள்.

ராத்திரி மழையில் டெல்டா ரோட்டில் போகிறவரா? கொஞ்சம் மெதுவாகப் போங்கள். ரோட்டைக் கடப்பது தவளை மட்டும் இல்லை. வழியில் பனையேறியைப் பார்த்தால், பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஈரத் துணியால் பிடித்து, அது எந்தப் பக்கம் பார்த்துப் போகிறதோ அந்தப் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள். கிளம்பிய பக்கமே திருப்பி விட்டால் பாவம், மறுபடியும் முதலிலிருந்து நடக்க ஆரம்பிக்கும்.

இந்த ஐப்பசியில் அப்படி ஒன்றை நீங்கள் பார்த்தால், அந்த இடத்தில் வண்டியை நிறுத்தி ரெண்டு பக்கமும் ஒரு தடவை பாருங்கள். அது கிளம்பி வந்த தண்ணீர் ஒரு பக்கம், போய்ச் சேர வேண்டிய தண்ணீர் இன்னொரு பக்கம். ரெண்டும் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.